ராத்திரி கால்வலியில் அழும் குழந்தைக்கு என்ன செய்வது?

பகலெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி, தெருவில் சைக்கிள் ஓட்டி, சோபாவிலிருந்து குதித்த பிள்ளை, ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "கால் குடையுது" என்று அழும். எங்கே என்று கேட்டால் முழங்காலுக்குக் கீழே காட்டும். அடுத்த நிமிடம் தொடையைக் காட்டும். அரை மணி நேரம் பிடித்துவிட்டால் தூங்கிவிடும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். முதல் பிள்ளையை வளர்ப்பவர்கள் இதில் குழம்பிப் போகிறார்கள். வலி நிஜமா, நடிப்பா? எலும்பில் ஏதாவது கோளாறா? ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டுமா?

பெரும்பாலும் ஓட வேண்டியதில்லை. டாக்டர்கள் இதை வளர்ச்சி வலி என்பார்கள். 3 வயதுக்கு மேல் 12 வயதுக்குள் வரும். ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2004-ல் வெளியானது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பிள்ளைகளுக்கு இந்த வலி இருந்தது. 1823-லேயே பிரெஞ்சு மருத்துவர் மார்செல் டுஷாம் இதை எழுதி வைத்திருக்கிறார். எலும்பு வளர்வதால் வலிக்கிறது என்று பாட்டிமார் சொல்வதற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வேகமாக வளர்வது முதல் வயதிலும் பருவ வயதிலும்தான். இந்த வலி வருவதோ இரண்டுக்கும் நடுவில். நன்றாக ஓடியாடிய நாளின் ராத்திரியில் அதிகம் வரும். பழனி படியேறிவிட்டு வந்த அன்று, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே முடிந்த அன்று, கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க ஓடிய அன்று. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வருவது சகஜம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் "உனக்கும் இப்படித்தான்" என்பார்.

நடிப்பா என்ற கேள்வியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தூக்கத்திலிருந்து எழுந்து யாரும் நடிப்பதில்லை. "ஸ்கூலுக்கு லீவு போடப் பார்க்கிறான்" என்று அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே சொல்வதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வலி வந்த ராத்திரி: பார்ப்பதும் தொடுவதும்

விளக்கைப் போடுங்கள். செல்போன் வெளிச்சம் போதாது. பேண்டைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து உள்ளங்கால் வரை பாருங்கள். ஒரு முழங்கால் மட்டும் உப்பியிருக்கிறதா? எங்காவது சிவந்து, சூடாக இருக்கிறதா? விரல் இடுக்கில் புண், ஷூ கடித்த இடம், உள்ளங்காலில் முள், பூச்சிக்கடி? சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே "கால் வலிக்குது"தான். தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது அமுக்கிப் பார்ப்பது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. கெண்டைக்கால் சதையை மெதுவாக அமுக்குங்கள். வளர்ச்சி வலி உள்ள பிள்ளை காலை இழுக்காது. "இன்னும் அமுக்கு" என்று கேட்கும், நீங்கள் கையை எடுத்தால் சிணுங்கும். அடிபட்ட கால், சீழ் பிடித்த கால், எலும்பில் கோளாறு உள்ள கால் அப்படி விடாது. தொட்டதும் வீறிடும், அல்லது உங்கள் கையைத் தட்டிவிடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற அளவு ஒரே புள்ளியில் வலி இருந்தாலும் கவனம் தேவை. வளர்ச்சி வலி பரவலாக இருக்கும்: கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், முழங்காலுக்குப் பின்புறம். பெரும்பாலும் இரண்டு காலிலும். இன்றைக்கு வலது, நாளைக்கு இடது என்று மாறியும் வரலாம்.

மூட்டுகளையும் அசைத்துப் பார்த்துவிடுங்கள். முழங்காலை மடக்கி நீட்டுங்கள். தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, அப்படியே காலை உள்ளேயும் வெளியேயும் லேசாகத் திருப்புங்கள். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் பிள்ளை முழங்காலைத்தான் காட்டும். அதனால் இடுப்பை விட்டுவிடக்கூடாது. தடையில்லாமல் அசைந்தால் நல்லது.

கெண்டைச் சதை கல்போல் இறுகி, பாதம் கீழ்நோக்கி இழுத்திருந்தால் அது சதைப்பிடிப்பு. பாதத்தைப் பிடித்து விரல்களைப் பிள்ளையின் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளிப் பிடித்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. "வலி இல்ல, ஆனா கால சும்மா வெக்க முடியல, உள்ள ஏதோ ஊருது" என்று சில பிள்ளைகள் சொல்லும். காலை உதறிக்கொண்டே இருக்கும், எழுந்து நடந்தால் சரியாகிவிடும். இது வேறு ரகம். உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தால் இப்படி வருவதுண்டு. டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

பிடித்துவிடுவது

பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை. நீங்கள் கால்மாட்டில் உட்காருங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒரு கைதான் ஒழுங்காக வேலை செய்யும். உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு ஸ்பூன் போதும். எண்ணெய் இல்லாமலும் செய்யலாம்.

முதலில் கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை, முழு உள்ளங்கையும் படும்படி மேல்நோக்கி நீவுங்கள். ஐந்தாறு தடவை நீவினால் பிள்ளையின் உடம்பு தளர்வது கையிலேயே தெரியும். அப்புறம் கெண்டைச் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்து, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் அமுக்கி அமுக்கி விடுங்கள். கீழ்க்காலின் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே எலும்பு. அங்கே அமுக்க வேண்டாம், எலும்பின் இரண்டு பக்கமும் நீவினால் போதும். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியிலும் விரலை ஊன்றக்கூடாது. தொடைக்கு வந்ததும் கொஞ்சம் அழுத்தம் கூட்டலாம். எவ்வளவு அழுத்தம் என்பதைப் பிள்ளையே சொல்லும். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் என்று இரண்டு காலுக்கும் செய்துவிடுங்கள். ஒன்றை மட்டும் செய்தால் பத்து நிமிடம் கழித்து மற்றதும் வலிக்கிறது என்று கூப்பிடும்.

பெரியவர்களுக்கு உடம்பு வலித்தால் பேரப்பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அதைத் திருப்பிப்போட்டு, பிள்ளையின் காலைப் பெரியவர் மிதித்துவிடுவது கூடாது. முழங்கையால் அழுத்துவதும் வேண்டாம்.

ஒத்தடம், துண்டுக் கட்டு, தைலம்

பிடித்துவிட்டும் அடங்காவிட்டால் சூட்டு ஒத்தடம். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, மடித்த பருத்தித் துணியை அதில் வைத்து எடுத்து ஒற்றுவது பழைய முறை, இப்போதும் நல்ல முறை. கல்லுப்பை வறுத்து மூட்டை கட்டினால் சூடு நிறைய நேரம் நிற்கும். ஆனால் பிள்ளைகளின் தோலுக்கு அது சீக்கிரம் அதிகமாகிவிடும். ரப்பர் பை வைத்திருப்பவர்கள் கொதிக்கும் நீரை ஊற்றாமல், கை பொறுக்கும் சூட்டில் முக்கால் பை நிரப்பி, துண்டில் சுற்றிக் கொடுங்கள். எதுவானாலும் முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உள்ளங்கை ஏமாற்றும், அது சமையலில் பழகிப்போன தோல். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை தூங்கியதும் பையை எடுத்துவிட வேண்டும். சூட்டுப் பையோடு தூங்கவைத்துத் தோல் வெந்துபோவது நடக்கிற காரியம்தான்.

"துண்ட கட்டி விடு" என்று பிள்ளைகளே கேட்பார்கள். காலை இறுக்கினால் வலி குறைவதுபோல் தோன்றும். கட்டலாம், ஆனால் துண்டுக்கும் காலுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கயிறு, ரிப்பன், ரப்பர் பேண்ட் கட்டவே கூடாது. பிள்ளை கண்ணயர்ந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

பெரியவர்கள் போடுகிற வலித் தைலமும் ஸ்ப்ரேயும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்து இருக்கிறது, அது தோல் வழியாக உள்ளே போகும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் அப்படித்தான். தடவிய கையைப் பிள்ளை வாயில் வைத்தால் போதும்; கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரலாம். வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மருந்து கொடுப்பதென்றால்

அழுகை நிற்கவேயில்லை, ஒரு மணி நேரம் ஆயிற்று, பிள்ளையும் தூங்கவில்லை, நீங்களும் தூங்கவில்லை என்றால் பாராசிட்டமால் சிரப் கொடுப்பதில் தப்பில்லை. அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு தடவை கொடுத்தால் அடுத்தது 4 முதல் 6 மணி நேரம் கழித்து. 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது.

சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. நம் கடைகளில் இதே மருந்து 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது, 5 மில்லியில் 250 உள்ளதாகவும் கிடைக்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் கெட்டி, ஒரு மில்லியிலேயே 100. இப்போது 16 கிலோ எடையுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச அளவு 240 மில்லிகிராம். 120 பாட்டிலில் அது 10 மில்லி. 250 பாட்டிலில் 5 மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. போன தடவை 10 மில்லி கொடுத்த ஞாபகத்தில் இந்தத் தடவை வேறு பாட்டிலில் 10 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். பகலிலேயே, தூக்கக் கலக்கம் இல்லாதபோது, உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, அந்தப் பாட்டிலின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் கலந்த சிரப்புகளை டாக்டர் சொல்லாமல் எடுக்காதீர்கள். காய்ச்சலும் கூடவே இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு இல்லவே இல்லை. நிமிசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்தியாவில் 2011-லேயே தடை போட்டாயிற்று. கடைக்காரர் "சட்டுனு கேக்கும்" என்று நீட்டினாலும் வாங்காதீர்கள்.

மறுநாள் காலை

எழுந்ததும் பிள்ளை பாத்ரூமுக்கு எப்படிப் போகிறது என்று பின்னாலிருந்து கவனியுங்கள். கேள்வி கேட்கத் தேவையில்லை. கேட்டால் நொண்டிக் காட்டும். வளர்ச்சி வலி என்றால் காலையில் நடை சுத்தமாக இருக்கும். நொண்டல், காலை ஊன்றாமல் குதித்துப் போவது, எழுந்த அரை மணி நேரத்துக்கு விறைப்பாக நடந்து அப்புறம் சரியாவது, இவற்றில் எது இருந்தாலும் வளர்ச்சி வலி என்ற எண்ணத்தைக் கைவிட்டு டாக்டரைப் பாருங்கள். விறைப்பு இருந்தால் மூட்டுவாதமா என்று பார்க்கவேண்டும். அது குழந்தைகளுக்கும் வரும்.

ராத்திரி வலித்தது என்பதற்காக விளையாட்டை நிறுத்த வேண்டாம். ஸ்கூலுக்கும் அனுப்பலாம்.

தினமும் செய்யவேண்டிய நீட்டல் பயிற்சி

அடிக்கடி வலி வரும் பிள்ளைகளுக்கு ராத்திரி வைத்தியத்தைவிட இது பலன் தரும் என்பது என் கட்சி. 1988-ல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஒரு பிரிவுப் பெற்றோருக்குத் தசைகளை நீட்டிவிடக் கற்றுக்கொடுத்து, காலையும் இரவும் செய்யச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வலி விட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லை, கெடுதலும் இல்லை.

கெண்டைக்காலுக்கு: பிள்ளையைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, இரண்டு கையையும் சுவரில் ஊன்றச் சொல்லுங்கள். ஒரு கால் முன்னே மடங்கி, மற்றது பின்னே நீண்டு, பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பாமல். சுவரைத் தள்ளிவிடுகிற ராட்சசன் என்று சொன்னால் தானாகச் செய்யும். இருபது வரை எண்ணிவிட்டுக் காலை மாற்றுங்கள்.

தொடையின் முன்பக்கத்துக்கு வஜ்ராசனத்தில் உட்காருவதே போதும். தொடையின் பின்பக்கத்துக்குக் காலை நீட்டி உட்கார்ந்து, விரலைத் தொட முயற்சிப்பது. எட்டவில்லை என்றால் முதுகைப் பிடித்துத் தள்ளாதீர்கள். ஒவ்வொன்றும் மூன்று தடவை, காலையில் பல் தேய்த்ததும், ராத்திரி படுக்குமுன். தரையில் எண்ணெய்க் காலோடு நிற்கவைக்க வேண்டாம், டைல்ஸ் வழுக்கும்.

சாப்பாடும் சத்தும்

ராகி, முருங்கைக்கீரை, பால், முட்டை, நெத்திலி என்று சாதாரணமாகக் கொடுப்பதைக் கொடுங்கள். உலர்ந்த ராகி 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. சாப்பிட்டதும் டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், கீரையில் இருக்கும் இரும்பை அது உடம்பில் சேரவிடாது. அங்கன்வாடியிலும் ஸ்கூலிலும் தரும் பூச்சி மாத்திரையை, இரும்புச்சத்து மருந்தைத் தட்டாதீர்கள்.

வைட்டமின் டி குறைவு நம் ஊரிலும் நிறைய இருக்கிறது, வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊராக இருந்தும். பிள்ளைகள் வேனில் போய் வகுப்பில் உட்கார்ந்து, டியூஷன் முடித்து இருட்டில் திரும்புகிறார்கள். குறைவு இருந்து அதைச் சரிசெய்தபின் கால்வலி குறைந்த பிள்ளைகள் உண்டு. அதற்காகப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் பொட்டலத்தை வாங்கி வாரா வாரம் பாலில் கலக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவை சுமார் 600 யூனிட்தான். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பாதிக்கும். ரத்தம் பார்த்துவிட்டுத்தான் மருந்து.

எப்போது காத்திருக்கக் கூடாது

அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை: காய்ச்சலும் இருந்து, காலை ஊன்றவோ மூட்டை அசைக்கவோ விடாமல் பிள்ளை கத்துவது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விழுந்தபின் வீக்கம், கால் கோணியிருப்பது. சளிக் காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு நாளில் இரண்டு கெண்டைக்காலும் வலித்து நடக்க மறுப்பது பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே காட்டவேண்டும்.

ஓரிரு நாளில் காட்டவேண்டியவை இன்னும் அதிகம். எப்போதும் ஒரே கால், ஒரே இடம். பகலிலும் வலி. முதுகுவலியும் சேர்ந்து வருவது. முகம் வெளுத்துப்போவது, அடிபடாமலே ஆங்காங்கே கன்றிப்போன தடங்கள், விட்டு விட்டுக் காய்ச்சல், எடை குறைவது, கழுத்திலோ அக்குளிலோ கட்டி. ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளிடம் கால்வலியாகத்தான் ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் சந்தேகம் வந்துவிடும் என்பதால் தள்ளிப்போடக் காரணமே இல்லை. தினமும் ஒரே புள்ளியில் வலித்து, ஐபுப்ரோஃபென் கொடுத்ததும் மாயமாய் மறைகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பில் வரும் ஒருவகைச் சிறு கட்டி அப்படித்தான் நடந்துகொள்ளும். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறுகிற பையன், கெண்டைக்கால் மட்டும் பருத்திருந்து அடிக்கடி விழுகிற பையன், இவர்களுக்குத் தசைநோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கால்வலியை வளர்ச்சி வலி என்று வீட்டில் நாமே முடிவு கட்டக்கூடாது.

டாக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டில் தேதி, எந்தக் கால், எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதற்கு அடங்கியது, காலையில் நடை எப்படி என்று எழுதிக்கொண்டு போங்கள். காலையில் நொண்டினால் செல்போனில் பத்து வினாடி வீடியோ எடுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை ஜம்மென்று நடக்கும். எல்லாம் சரியாக இருந்தால் அவர் ஒரு டெஸ்டும் எழுதாமல் அனுப்பலாம், அதில் குறையில்லை. லேபில் "ஃபுல் பாடி பேக்கேஜ்" என்று நீங்களாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டாம்.

வலி தினமும் வராது. ஒரு வாரம் தொடர்ந்து படுத்திவிட்டு, ஒரு மாதம் ஆளையே காணோம் என்று இருக்கும், அப்புறம் திரும்பி வரும். அந்த இடைவெளியில் கோடை லீவுக்குப் பிள்ளையைத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அளவு எழுதிய சிரப் பாட்டிலையும் பையில் வையுங்கள். எப்படிப் பிடித்துவிடவேண்டும் என்று பாட்டிக்குச் சொல்லித்தரத் தேவையிருக்காது. துண்டை அவிழ்க்கச் சொல்லவும், கற்பூர எண்ணெயை எடுத்து வைக்கவும் மட்டும் மறக்காதீர்கள்.